எளிய வாழ்வும் நுகர்வுக் கடனும்

பயன்படுத்தித் தீர்ந்துபோகும் பொருளுக்காகவோ, ஒருநாள் நிகழ்ச்சிக்காகவோ வாங்கப்படும் கடன் நுகர்வுக் கடன் எனப்படும். விதைநெல்லுக்கும் தையல் இயந்திரத்துக்கும் வாங்கும் கடன் வருமானத்தைத் தந்து, தன்னையே அடைத்துக்கொள்ள உதவும். புதிய கைப்பேசிக்கும் ஆடம்பரத் திருமணத்துக்கும் வாங்கும் கடன் அப்படிப்பட்டதன்று. அதை நாளைய சம்பளத்திலிருந்துதான் அடைக்க வேண்டும். தேவையை அறிந்து வாங்கி, இத்தகைய கடனைத் தவிர்த்து வாழ்வது எளிய வாழ்வு. அதனால் பணம் மிச்சமாகும். அதைவிட முக்கியமாக, நம்முடைய நேரம் நம்மிடமே இருக்கும்.

தோற்றம்

மளிகைக் கடையில் கணக்கு வைத்து வாங்குவது பழைய வழக்கம். தவணைக் கடனைப் பெருந்தொழிலாக வளர்த்தது 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்கா. ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் 1908-இல் கொண்டுவந்த 'மாடல் டி' கார், பல ஆண்டுகள் பெரிய மாற்றம் இல்லாமலே விற்பனையானது. அதன் போட்டியாளரான ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு வழிகளைக் கையாண்டது. கார் வாங்குவோருக்குக் கடன் கொடுக்க 1919-இல் தனி நிறுவனம் தொடங்கியது. 1920-களில் ஆண்டுதோறும் புதிய தோற்றத்தில் கார்களை வெளியிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரும் உரிமையாளர் கண்ணுக்குப் பழையதாகத் தெரிந்தது; புதியதை வாங்கக் கடனும் கிடைத்தது. இன்று கைப்பேசிச் சந்தையில் நடப்பதும் இதுவே.

வட்டி வேலை செய்யும் விதம்

கிரெடிட் கார்டில் ஒருவருக்கு 50,000 ரூபாய் நிலுவை இருக்கிறது; வட்டி மாதத்துக்கு 3.5 விழுக்காடு என்று கொள்வோம். ஒரு மாத வட்டி 1,750 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 315 ரூபாய். அவர் நிலுவையில் 5 விழுக்காடாகிய 2,500 ரூபாயை மட்டும் கட்டினால், அசலில் கழிவது வெறும் 435 ரூபாய். எதுவுமே கட்டாமல் விட்டால், வட்டிக்கு வட்டி சேர்ந்து ஓராண்டில் நிலுவை 75,000 ரூபாயைத் தாண்டும். வரியும் அபராதமும் இதில் சேராது. 3.5 என்ற எண் சிறியதாகத் தெரிவதற்குக் காரணம், அது மாதக் கணக்கு என்பதே.

'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்தையும் கவனமாகப் படிக்க வேண்டும். பூஜ்ஜிய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியது. வட்டி பெரும்பாலும் நடைமுறைக் கட்டணமாகவோ, ரொக்கமாக வாங்குவோருக்குக் கிடைக்கும் தள்ளுபடி மறுக்கப்படுவதாகவோ வேறு வடிவில் வந்துவிடும்.

விலையை நேரமாகக் கணக்கிடுதல்

அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ, 1845 ஜூலை 4 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வால்டன் குளத்தருகே ஒரு குடிலில் குடியேறி, இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் வாழ்ந்தார். குடில் கட்டிய செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று ஆணிச் செலவு உட்பட எழுதி வைத்தார். ஒரு பொருளின் உண்மையான விலை, அதைப் பெறுவதற்காக நாம் கொடுக்கும் வாழ்நாளின் அளவே என்பது அவர் கருத்து.

இதை நம் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். மாதச் சம்பளம் 24,000 ரூபாய்; வேலை 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம். அப்படியானால் ஒரு மணி நேரத்தின் கூலி 120 ரூபாய். 36,000 ரூபாய்க் கைப்பேசியின் விலை 300 மணி நேர உழைப்பு, அதாவது ஒன்றரை மாதம். வாடகை, அரிசி, பள்ளிக் கட்டணம் போக 6,000 ரூபாய்தான் மிஞ்சும் என்றால், ஆறு மாத மிச்சம் முழுவதும் அதற்கே போய்விடும். அந்த ஆறு மாதத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கையில் பணம் இராது. பிடிக்காத வேலையை விட நினைத்தாலும் தவணை விடாது.

குமரப்பாவின் விளக்கம்

1892-இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, இலண்டனில் பயின்ற கணக்காயர். காந்தியோடு இணைந்த பின், 1934-இல் தொடங்கப்பட்ட அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றினார். சிறையில் இருந்தபோது எழுதிய 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்' என்ற நூலில் வாழ்க்கைத் தரத்தைப் பற்றி ஆராய்ந்தார். பொருள் குவிந்த வாழ்வை 'உயர்ந்தது' என்றும், பொருள் குறைந்த வாழ்வைத் 'தாழ்ந்தது' என்றும் சொல்வது தவறு. 'சிக்கலானது', 'எளியது' என்பவையே சரியான சொற்கள் என்றார். எளிய வாழ்வு பண்பாலும் சிந்தனையாலும் உயர்ந்ததாக இருக்க முடியும். வெளித்தோற்றத்தை வைத்து அதைத் தாழ்ந்தது என்று முடிவு செய்யக் கூடாது.

எளிமையும் வறுமையும்

எளிமை விரும்பி ஏற்பது, வறுமை திணிக்கப்படுவது. மருத்துவமனைச் செலவுக்குக் கடன் வாங்கிய குடும்பத்திடம் சிக்கனத்தைப் போதிப்பது முறையன்று. அவர்களுக்கு வேண்டியது நியாயமான கூலியும் நல்ல அரசு மருத்துவமனையும். ஆசைக்காகக் கடன் வாங்கும் வசதி உள்ளவர்களுக்கே இந்தக் கட்டுரையின் அறிவுரை பொருந்தும்.

கடைப்பிடிக்கும் வழிகள்

- வாங்க விரும்பும் பொருளைக் குறித்து வைத்து, ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். பல ஆசைகள் அதற்குள் மறைந்துவிடும்.
- தவணைத் தொகையைக் கடனுக்கு முன்பே மாதந்தோறும் சேமித்துப் பார்க்க வேண்டும். சேமிக்க முடியாத தொகையைத் தவணையாகவும் கட்ட முடியாது.
- பழுதான பொருளை எறியும் முன், சரிசெய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும்.
- பல கடன்கள் இருந்தால், வட்டி மிகுந்ததை முதலில் அடைக்க வேண்டும்.
- வரவு செலவை வீட்டில் எல்லோரும் அறிய எழுத வேண்டும். குடும்பத்துக்குத் தெரியாமல் வாங்கிய கடனே பெரும்பாலும் அளவு மீறி வளரும்.

மாணவர்கள் இன்றே ஒன்றைச் செய்து பார்க்கலாம். அடுத்து வாங்க நினைக்கும் பொருளின் விலையை எழுதி, அதற்காகப் பெற்றோர் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்பதை அதன் அருகில் எழுதிப் பாருங்கள். அதன் பிறகும் தேவை என்று தோன்றினால், அது உண்மையான தேவையாக இருக்கலாம்.