மனநிலையைச் சீராக்கும் மருந்துகளும் அவற்றின் பக்கவிளைவுகளும்

மனித மனம் எக்காலத்தும் ஒரே நிலையில் நிற்பதன்று. இன்பம் வந்துழி மலர்தலும் துன்பம் வந்துழி வாடுதலும் அதன் இயல்பு. ஆயின், தக்க காரணமின்றியே வாரக்கணக்காக மிகுந்த கிளர்ச்சியும், பின்னர் மாதக்கணக்காக ஆழ்ந்த சோர்வும் ஒருவரை மாறிமாறிப் பற்றுமாயின் அஃது இயல்பன்று, நோயாகும். கிளர்ச்சிக் காலத்தில் உறக்கம் குன்றும், பேச்சுப் பெருகும், கைப்பொருள் கணக்கின்றிச் செலவாகும். சோர்வுக் காலத்தில் உயிர் வாழ்தலே பாரமெனத் தோன்றும். இதனையே இருதுருவ மனநோய் என்பர்.

இந்நோய்க்குரிய முதன்மையான மருந்து இலிதியம். அதன் வரலாறு ஒரு நோயாளியின் வரலாற்றோடு தொடங்குகின்றது. அவுஸ்திரேலியாவின் மெல்போர்ண் நகரையடுத்த பண்டூரா வைத்தியசாலையில், ஐந்தாண்டுகளாக ஓயாக் கிளர்ச்சியில் இருந்த 51 வயதினர் ஒருவருக்கு, 1948 பங்குனியில் ஜோன் கேட் என்னும் வைத்தியர் இலிதிய உப்பைக் கொடுத்தார். சில வாரங்களில் அவர் தெளிந்தார்; ஆடி மாதத்தில் வீடு சென்று தம் பழைய தொழிலிலும் அமர்ந்தார். பின்னர் மருந்தைக் கைவிட்டார், நோய் மீண்டது, மீண்டும் வைத்தியசாலை புகுந்தார். 1950இல் அதே மருந்து உடலில் மிகுந்து நஞ்சாகி அவருயிரைக் கவர்ந்தது. மருந்தை விட்டமையால் நோய் மீண்டது. மருந்து மிகுந்தமையால் உயிர் போயிற்று. இவ்விரு இடர்களுக்கும் நடுவே செல்லும் ஒடுங்கிய வழியை அறிந்து நடத்தலே பக்கவிளைவுகளைக் கையாளும் கலையாகும்.

இலிதியம் 1817இல் சுவீடன் நாட்டு ஆர்ப்வெட்சன் என்பவரால் கனிப்பொருளொன்றில் கண்டறியப்பட்ட தனிமம். கல்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றே அதன் பெயர் பிறந்தது. கேட் தம் கட்டுரையை வெளியிட்ட 1949ஆம் ஆண்டிலேயே, ஐக்கிய அமெரிக்காவில் கறியுப்புக்குப் பதிலாக இலிதிய உப்பை உண்ட இதய நோயாளர் சிலர் இறந்தனர். அதனால் அம்மருந்தைப் பற்றிய அச்சம் நெடுங்காலம் நிலவிற்று. டென்மார்க்கின் மொகென்ஸ் ஸ்கூ 1954இல் முறையான ஆய்வொன்றினால் அதன் பயனை உறுதிப்படுத்தினார். குருதியில் அதன் அளவைக் கணிக்கும் வழக்கம் நிலைபெற்ற பின்னரே, 1970இல், அமெரிக்க அரசு அதற்கு அனுமதி வழங்கியது. நீண்டகாலச் சிகிச்சையில் பெரும்பாலும் லீற்றருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை, சிலருக்கு 1.0 வரை, போதுமானது. 1.5ஐக் கடப்பின் நச்சுக்குறிகள் தோன்றக்கூடும். பயன்தரும் அளவும் தீங்குதரும் அளவும் இத்துணை அண்மையில் இருத்தலே, இம்மருந்து உண்போர் குருதிப் பரிசோதனையைத் தவறவிடலாகாது என்பதற்குக் காரணம். கடைசி வேளை மருந்தை உண்டு 12 மணி நேரம் கழித்தே குருதி எடுத்தல் வேண்டும். சிறுநீரகம், தைரொயிட்டுச் சுரப்பி, குருதியிலுள்ள கல்சியம் ஆகியவற்றையும் ஆறு மாதத்துக்கொரு முறை சோதித்தல் நன்று.

இலிதியத்தை உடலினின்று வெளியேற்றுவது சிறுநீரகம். சோடியத்துக்கும் இலிதியத்துக்குமிடையே அது பெரிதும் வேற்றுமை காண்பதில்லை. உடலில் நீரும் உப்பும் குறையும்போது சிறுநீரகம் சோடியத்தை இறுகப் பற்றிக்கொள்கின்றது; உடன் இலிதியத்தையும் பற்றிக்கொள்கின்றது. எனவே, மாத்திரையின் எண்ணிக்கை சிறிதும் கூடாதிருப்பினும் குருதியில் மருந்தின் அளவு ஏறிவிடும்.

இவ்வுண்மையைக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலான அம்பாறைக் கரையோர ஊர்களின் வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்தல் பயனுடைத்து. பெரும்போக அறுவடையிலும் சிறுபோக அறுவடையிலும் வயல் வட்டைகளில் வெயிலில் நிற்போர் குடம்குடமாக வியர்க்கின்றனர். கடலில் தோணி செலுத்துவோரும் அத்தகையரே. வயிற்றோட்டமும் வாந்தியும் காய்ச்சலும் வருங்கால் உடல்நீர் ஒரே நாளில் வற்றுகின்றது. மூட்டுவலிக்கெனக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் ஐபுபுறூபன், டைக்குளோபினாக்கு போன்ற வலிநீக்கிகளும், உயர் குருதியமுக்கத்துக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகள் சிலவும், சிறுநீர்பெருக்கிகளும் இலிதியத்தை உடலில் தேங்கச் செய்வன. வலிக்குப் பரசிற்றமோல் போதும். வேறெம் மருந்தை வாங்கு முன்னரும் ‘இலிதியம் உண்கின்றேன்’ என்று சொல்லுதல் வேண்டும். வைத்தியர் சொன்னாலன்றி உப்பைத் திடீரெனக் குறைத்தலும் கூடாது.

பக்கவிளைவுகளிற் பல அச்சத்துக்குரியன அல்ல. வயிற்றுப் புரட்டலுக்கு உணவுக்குப் பின் மருந்துண்ணல் தக்கது. தாகத்துக்கு வெறும் தண்ணீரே சிறந்தது. இனிப்புப் பானங்களால் தீர்க்க முயன்றால் உடல் பருக்கும். சிறுநீர் அடிக்கடி கழியின், முழு அளவையும் இரவில் ஒரே வேளையில் உண்ணுமாறு வைத்தியர் மாற்றித் தருவதுண்டு. கைவிரல்களில் தோன்றும் நுண்ணிய நடுக்கம் சிலருக்குப் பெரிதன்று. மருதமுனையில் தறியில் இழை கோத்து உண்போருக்கோ அதுவே வாழ்வின் கேள்வி. மருந்தின் அளவைச் சிறிது குறைத்தும், ஆஸ்துமா இல்லாதார்க்குப் புறொப்பிரனலோல் கொடுத்தும் அதனைத் தணிக்கலாம். தைரொயிட்டுச் சுரப்பி தளர்ந்தால் தைரொட்சின் மாத்திரை அக்குறையை நிரப்பும். அதன்பொருட்டு இலிதியத்தைக் கைவிட வேண்டுவதில்லை.

ஆயின், நடுக்கம் பெரிதாகிக் கையிலுள்ள கோப்பை தளும்புதல், ஓயா வாந்தியும் வயிற்றோட்டமும், தள்ளாடிய நடை, குழறிய பேச்சு, மயக்கம், குழப்பம் ஆகியவை நச்சுக்குறிகள். இவை தோன்றின் அடுத்த வேளை மருந்தை உண்ணாது உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். மறுநாள் வரை பொறுத்திருத்தல் தகாது.

இக்கரையோர முஸ்லிம் ஊர்களில் இவ்வினா முழு வடிவில் எழுவது றமழான் மாதத்திலாகும். 13 மணி நேரத்துக்கு மேல் நீரும் அருந்தாதிருத்தல், பகலில் தேநீரை விடுதல், தறாவீஹ் தொழுகைக்காகவும் ஸஹர் உணவுக்காகவும் இரவுத் துயில் குறைதல் ஆகிய மூன்றும் ஒருங்கு சேர்கின்றன. தேநீரிலுள்ள கபீன் இலிதியத்தை வெளியேற்றத் துணைபுரிவது. அதனைத் திடீரென நிறுத்தினால் மருந்தின் அளவு சற்று ஏறக்கூடும். பாகிஸ்தானின் பெசாவரில் நடந்து 2010இல் வெளிவந்த ஆய்வொன்று, நிலைமை சீராயிருந்தோர் கண்காணிப்புடன் நோன்பிருந்தபோது இலிதிய அளவு குறிப்பிடத்தக்கவாறு மாறவில்லை எனக் கண்டது. மொறோக்கோவின் காசாபிளாங்காவில் 20 நோயாளரை ஆராய்ந்து 2000இல் வெளியிடப்பட்ட ஆய்வோ, அவர்களுள் பாதிக்குச் சற்றுக் குறைந்தோர்க்கு அம்மாதத்தில் நோய் மீண்டதைக் காட்டிற்று. இரண்டையும் சேர்த்து நோக்கின், நோன்பு அனைவர்க்கும் தீங்கு என்பதும் பிழை. யாவர்க்கும் தீங்கில்லை என்பதும் பிழை. குருதியில் மருந்தின் அளவு மாறாதிருப்பினும் துயிற்குறைவு நோயைத் தூண்டவல்லது.

ஆதலின், றமழானுக்கு ஓரிரு மாதம் முன்னரே வைத்தியரைக் கண்டு முடிவு செய்தல் அறிவுடைமை. இரவு ஒன்பது மணிக்கு ஒரே வேளையாக மருந்துண்டால், மறுநாட் காலை ஒன்பது மணிக்குக் குருதி எடுக்க ஏதுவாகும். நோன்பு திறந்தது முதல் ஸஹர் வரை நீரைப் பகுத்துப் பகுத்து அருந்தல் வேண்டும். துயிலுக்கெனக் குறித்த நேரம் ஒதுக்கல் வேண்டும். நோயாளர் நோன்பை விடுத்து வேறு நாட்களில் நோற்கலாம் என்றும், மீளாப் பிணியுடையார் அதற்கீடாக ஏழைக்கு உணவளிக்கலாம் என்றும் இஸ்லாமிய மார்க்கமே சலுகை தந்துள்ளது. மாத்திரையை இரகசியமாக நிறுத்திவிட்டு நோன்பிருப்பவர் மார்க்கம் கேளாத விலையைக் கொடுக்கின்றார். இதனை வைத்தியர் சொல்வதோடு மௌலவிமாரும் எடுத்துரைப்பின் குடும்பங்களின் மனச்சுமை பெரிதும் குறையும்.

ஏனைய மருந்துகளைப் பற்றியும் சில அறிதற்குரியன. வல்புறோவேற்று உடற்பருமனையும் மயிருதிர்வையும் தரலாம். அரிதாக ஈரலைத் தாக்கும். அதன் பெருந்தீங்கு கருவிலுள்ள குழந்தைக்கே. கருவுற்றகாலத்தில் அதனை உண்ட தாய்மாரின் குழந்தைகளுள் ஏறக்குறைய பத்தில் ஒன்று உறுப்புக் குறையுடன் பிறக்கின்றது. பத்தில் மூன்று நான்கு குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பாதிப்புறலாம். ஆகவே, பிள்ளைப்பேற்று வயதினர்க்கு இயன்றவரை வேறு மருந்தே தக்கது. இளம்பெண்ணின் நோயை மறைத்து மணம் முடித்து வைக்குமிடத்து, மருந்தும் மறைக்கப்படுகின்றது. கருவுற்ற பின்னரே உண்மை வெளிப்படுகின்றது. முன்னரே வைத்தியரிடம் கூறின் மருந்தை மாற்றக் காலம் கிடைக்கும். கருவுற்றதை அறிந்தவள் அச்சத்தால் மருந்தைத் தானே நிறுத்தாது உடனே வைத்தியரை நாடல் வேண்டும். காபமசெப்பீன் குருதியிலுள்ள சோடியத்தைக் குறைக்கும். கருத்தடை மாத்திரையின் வலுவையும் கெடுக்கும். அதற்கும் லமோற்றிசீனுக்கும் தோற்றடிப்பு ஓர் எச்சரிக்கை. தோலில் தடிப்போ வாயில் புண்ணோ தோன்றின் அன்றே வைத்தியரைக் காணல் வேண்டும். லமோற்றிசீனைச் சிற்றளவில் தொடங்கி வாரக்கணக்கில் உயர்த்துவது இதன்பொருட்டே. சில நாட்கள் தொடர்ந்து விடுபட்டால் பழைய அளவிலேயே மீளத் தொடங்கலாகாது.

2004 மார்கழி 26இல் கடல்கோள் அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டபின், உளநலச் சேவை தலைநகரில் மட்டும் இருத்தல் போதாதென்பது நன்கு உணரப்பட்டது. 2005இல் எழுந்த தேசிய உளநலக் கொள்கை அதனை ஊர்களுக்கு அண்மையிற் கொண்டுவர முற்பட்டது. கல்முனையில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் உண்டு. அரசினர் வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. எனினும் ‘விசர்’ என்னும் ஒரு சொல்லுக்கு அஞ்சிக் கிளினிக்குக்குச் செல்லாதார் உளர். ஓதிப் பார்த்தலால் ஆறுதல் பெறுவோர் அதனைப் பெறுக. ஆனால், அதற்காக மாத்திரையை நிறுத்துதல் ஆகாது. இலிதியத்தைத் திடீரென விட்டால் கிளர்ச்சி விரைந்து மீளும். தற்கொலை இடரும் உயரும். நிறுத்தியே ஆகவேண்டுமெனின், வைத்தியரின் மேற்பார்வையில் குறைந்தது நான்கு வாரம், இயலுமாயின் மூன்று மாதம், படிப்படியாகக் குறைத்தல் வேண்டும்.

உண்ணும் மருந்தின் பெயரும் அளவும், கடைசிப் பரிசோதனையின் நாளும் முடிவும், துயின்ற நேரமும் குறித்த சிறு கொப்பியொன்று ஒவ்வொரு நோயாளியின் இல்லத்திலும் இருத்தல் நன்று. எழுதத் தெரியாத தாய்க்குப் பள்ளி செல்லும் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். பண்டூராவின் அம்முதல் நோயாளிக்கு, குருதியைச் சோதித்து அளவு சொல்லும் வழக்கம் அக்காலத்தில் வாய்க்கவில்லை. இன்றுள்ளோர்க்கு அது வாய்த்திருக்கின்றது. அவர் இழந்த உயிரைக் காக்கும் அறிவு கையிலிருக்க, வெட்கத்தினாலோ அச்சத்தினாலோ அதனைப் பயன்கொள்ளாதுவிடுதல் எவ்வூரார்க்கும் தகாது.