கழுத்துச் சங்கிலியும் கணக்கு நோட்டும்

நம் வீடுகளில் நகையைப் பற்றித் தெரியாதவர் ஒருவரும் இல்லை. வாங்கத் தெரியும், அணியத் தெரியும், ஆபத்து வேளையில் அடகு வைக்கவும் நன்றாய்த் தெரியும். ஆனால் நகை செய்து ஜீவனம் நடத்தலாம் என்று மட்டும் நமக்குத் தோன்றுவதில்லை. அது ஆசாரி வீட்டுக் காரியம் என்று இருந்துவிட்டோம்.

சென்ற வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பென்னாகரத்துக்கு அருகேயுள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெண் நம்மைத் தேடி வந்தாள். பல வருஷங்களுக்கு முன் நம்மிடம் கணக்குப் படித்தவள். இப்போது இரண்டு குழந்தைகளுக்குத் தாய். தருமபுரி ஜில்லாவில் ஆயிரக்கணக்கான ஆண்மக்கள் செய்வதைப் போல, அவள் கணவனும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். மாதத்துக்கு ஒரு முறை வீடு திரும்புகிறான்.

அவள் கையில் ஒரு தகர டப்பா. அதற்குள் கண்ணாடி மணியும் பட்டு நூலும் கொண்டு அவளே செய்த ஜிமிக்கிகள். பார்க்க மிகவும் அழகாகத்தான் இருந்தன.

"ஸார், கழுத்துச் சங்கிலியை பாங்கியில் வைத்துவிட்டு, இந்தத் தொழிலைக் கொஞ்சம் பெரிதாகவே ஆரம்பிக்கலாம் என்று பார்க்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

தாய் வீட்டில் போட்ட மூன்று பவுன் சங்கிலி அது. அந்தக் குடும்பத்தின் கஜானா முழுவதும் அதுதான். உடனே பதில் சொல்ல நமக்குத் துணிவு வரவில்லை. "அடுத்த வாரம் வா, அம்மா" என்று சொல்லி அனுப்பினோம். அந்த ஒரு வாரமும் நாம் யோசித்த விஷயங்களையே இங்கே நேயர்களுக்குச் சொல்கிறோம்.

வீட்டிலிருந்தே நகைத் தொழில் செய்வது நம் பக்கத்துக்குப் புதியதல்ல. 1965-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி வரையில் தருமபுரி, சேலம் ஜில்லாவின் பகுதியாகவே இருந்தது. இங்கிருந்து சுமார் 65 கிலோமீட்டர் தூரத்திலுள்ள சேலத்தில், செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் முதலிய இடங்களில் வெள்ளிக் கொலுசு வீட்டுக்கு வீடு நடக்கும் தொழில். வெள்ளியை உருக்கிக் கம்பியாக இழுப்பது ஒரு வீடு. கம்பியை வெட்டி வளையமாக்கிக் கோப்பது மற்றொரு வீடு. பொடி வைத்து ஊதிப் பற்ற வைப்பது இன்னொரு வீடு. முத்து வைப்பதும் மெருகிடுவதும் வேறு வீடுகள். பெரிய ஆலை வேண்டியதில்லை. பெரிய மூலதனமும் வேண்டியதில்லை. பெண்கள் அடுப்பையும் பார்த்துக்கொண்டு, கொலுசுக்கு வளையமும் கோத்துவிடுகிறார்கள்.

ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. பெரும்பாலான வீடுகளில் வெள்ளி வியாபாரியினுடையது. வேலை மட்டுமே வீட்டாருடையது. எடை பார்த்துக் கூலி. வெள்ளி விலை ஏறினால் வாங்குவோர் குறைகின்றனர், வேலையும் குறைகிறது. விலை ஏறிய லாபமோ இவர்களைச் சேர்வதில்லை. மேலும், பற்ற வைக்கும் பொடியில் காட்மியம் என்னும் உலோகம் கலந்திருந்தால், அதன் ஆவி நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். குழந்தை தூங்கும் அறையிலேயே ஊதுகுழலை வைத்துக்கொள்வது எந்த விதத்திலும் தகாது.

தங்க வேலையின் கதையோ இன்னும் துயரமானது. சீன யுத்தத்துக்குப் பின், 1963-ம் வருஷம் ஜனவரியில், அப்போது நிதி மந்திரியாயிருந்த மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேற்பட்ட தங்கத்தில் புது நகை செய்யக் கூடாதென்று விதி. நம் ஜனங்களுக்கு 22 காரட்டில்தான் பழக்கம். நாடெங்கும் பொற்கொல்லர் குடும்பங்கள் ஒரே நாளில் வேலை இழந்தன. சிலர் உயிரையும் மாய்த்துக்கொண்டனர். 1966-ல் அந்த 14 காரட் விதி தளர்ந்தது. 1968-ம் வருஷத்துத் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-ல்தான் ரத்தாயிற்று. பரம்பரைத் திறமை இருந்தும் அவர்களில் பலருக்குக் கைம்முதல் இல்லை, சேமிப்பு இல்லை, தாங்கி நிற்க ஒரு சங்கமும் இல்லை.

அப்படித் தாங்கி நிற்கும் ஏற்பாடு நம் ஜில்லாவிலேயே பிறந்தது என்பதை நினைக்கையில் நமக்குப் பெருமை உண்டாகிறது. ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியின் உதவியுடன், தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1989-ல் சுய உதவிக் குழுக்களை முதன் முதலாகத் தொடங்கியது தருமபுரியில்தான். பின்னர் மற்ற ஜில்லாக்களுக்கும் அது பரவிற்று. பதினைந்து இருபது பெண்கள் கூடி, ஆளுக்குக் கொஞ்சமாய்ச் சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொண்டு, நோட்டில் வரவு செலவு எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போடக் கற்றதையே பாக்கியமாக எண்ணிய தாய்மார்கள், பாங்கிக்கு நேராகப் போய்ப் பேசத் தொடங்கினார்கள்.

அடுத்த வாரம் அந்தப் பெண் வந்தாள். நாம் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. பழைய வழக்கப்படி கரும்பலகையில் ஒரு கணக்குப் போடச் சொன்னோம்.

வாரத்துக்கு 20 ஜோடி ஜிமிக்கி. ஜோடிக்குச் சாமான் செலவு 35 ரூபாய்; விற்கும் விலை 60 ரூபாய். "ஜோடிக்கு 25 ரூபாய் லாபம், ஸார், வாரத்துக்கு 500" என்றாள் சந்தோஷமாக. "சேலத்துக்குப் போய் மணி வாங்கி வரும் செலவு?" என்று கேட்டோம். 140 ரூபாய் என்றாள். மீதி 360. "ஒரு ஜோடிக்கு எவ்வளவு நேரம்?" ஒரு மணி நேரம். ஆக, 20 மணி நேரத்துக்கு 360 ரூபாய். மணிக்கு 18 ரூபாய். வயலில் களையெடுக்கும் பெண்ணுக்குக் கூட இதைவிட அதிகம் கிடைக்கும்.

அவள் முகம் வாடிவிட்டது. தன் உழைப்புக்கும் ஒரு விலை உண்டு என்பதை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை. அவளை மட்டும் குறை சொல்வானேன்? நம் வீட்டு ஸ்திரீகளின் உழைப்பை நாம் எந்த நாளில் கணக்கில் சேர்த்திருக்கிறோம்?

இந்தக் கணக்கு சரியாகாதவரையில் சங்கிலியை வைப்பது நஷ்டத்தைப் பெரிதாக்குவதேயாகும் என்று அவளுக்கு விளங்கிற்று. பிறகு வழிகளைப் பற்றிப் பேசினோம். முதலில் முறையாகக் கற்பது. கிராமத்தாருக்குச் சுயதொழில் கற்பிக்க இந்தியன் பாங்கி நடத்தும் பயிற்சி நிலையம் தருமபுரியிலேயே இருக்கிறது; பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. இத்தகைய நிலையங்களின் பாடங்களில் அலங்கார நகை செய்தலும் ஒன்று. இரண்டாவது, தனியாக வாங்காமல் நாலு பேராகச் சேர்ந்து மொத்தமாக வாங்குவது. மூன்றாவது, குழுவில் சிறு கடன் பெற்று, அதை அடைத்த பின்பே அடுத்த கடனுக்குப் போவது.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, நாணயம். கண்ணாடியைக் கண்ணாடி என்றும், முலாம் பூசியதை முலாம் என்றும் சொல்லியே விற்க வேண்டும். நாளை வெள்ளியில் இறங்கினால் 925 என்றால் ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி இருந்தே தீரவேண்டும். தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை 2021-ம் வருஷம் ஜூன் 16-ந் தேதி முதல், ஜில்லா ஜில்லாவாகக் கட்டாயமாக்கப்பட்டு வருகிறது. வருஷ விற்பனை 40 லட்ச ரூபாய்க்கு உட்பட்ட சிறு வியாபாரிகளுக்கு விலக்கு உண்டு. சர்க்கார் முத்திரை கேட்காத இடத்தில், விற்பவரின் வாக்கே முத்திரை. ஒரு முறை பொய்த்தால் கிராமத்தில் மறுமுறை அந்த வாக்கை ஏற்பார் இல்லை.

சுதேசியம் பேசிச் சிறை சென்று, நோயுற்ற உடலோடு ஊர் ஊராய் அலைந்த சுப்பிரமணிய சிவா, 1925-ல் கண் மூடியது இந்த ஜில்லாவிலுள்ள பாப்பாரப்பட்டியில்தான். அன்னிய சாமானை வாங்காதிருப்பது சுதேசியத்தின் பாதிதான். நம்மவர் கைவேலைக்கு நியாயமான கூலி கொடுத்து வாங்குவது மற்றப் பாதி. "வீட்டில் செய்ததுதானே, குறைத்துக் கொடு" என்று பேரம் பேசும் நம் குடும்பத்தார் இதைச் சற்றே நினைத்துப் பார்க்கவேண்டும்.

சென்ற மாதம் அந்தப் பெண் மீண்டும் வந்தாள். சங்கிலி கழுத்தில் இருந்தது. அவளும் அவள் குழுவைச் சேர்ந்த மூவரும் கூட்டாகச் சாமான் வாங்குகிறார்கள். ஒருத்தி போய் நாலு பேருக்கும் வாங்கி வருகிறாள். ஜோடிக்குச் சாமான் செலவு 25 ரூபாயாகக் குறைந்திருக்கிறது. கலியாணப் புடவைக்கு ஏற்ற வர்ணத்தில் செய்து கொடுப்பதால் 90 ரூபாய்க்கு விலை போகிறது. பிரயாணச் செலவில் அவள் பங்கு 35 ரூபாய் போக, மணிக்கு 60 ரூபாய்க்குச் சற்று மேலாகவே நிற்கிறது. செல்வம் குவிந்துவிடவில்லை, ஆனால் குழந்தைகளின் பள்ளிச் செலவுக்குப் பெங்களூரை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

கணக்கு நோட்டை நம்மிடம் நீட்டினாள். சாமான், பிரயாணம், கடன் தவணை என்று கோடு போட்டுப் பிரித்திருந்தாள். கடைசிப் பத்தியின் தலைப்பில் "என் கூலி" என்று எழுதியிருந்தது.