இரண்டே வாரம் சாப்பாடு மாறினால் குடலில் என்ன நடக்கும்?

காலையில் அவசரமாக ஒரு டீ, பிஸ்கட். மதியம் பரோட்டா. ராத்திரி ஆர்டர் போட்ட ஃப்ரைடு ரைஸ். மறுநாள் ஆபீஸில், 'வயிறு ஒரு மாதிரியா இருக்குப்பா' என்று புலம்பல். இது வெறும் அஜீரணம்தானா? உணவுக்கும் குடல் அழற்சிக்கும் என்ன சம்பந்தம்?

அழற்சி என்றால் என்ன?

காயம் பட்ட இடம் சிவந்து வீங்குகிறதே, அதுதான் அழற்சி. கிருமியை எதிர்க்க உடல் எடுக்கும் நடவடிக்கை. வேலை முடிந்ததும் அடங்கிவிட்டால் நல்லது. அடங்காமல் குடலுக்குள் நீண்டகாலம் நீடித்தால்தான் சிக்கல்.

சாப்பாட்டை மாற்றிப் பார்த்தவர்கள்

2015-ல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் வாழும் 20 ஆப்பிரிக்க அமெரிக்கர்கள், தென்னாப்பிரிக்க கிராமங்களைச் சேர்ந்த 20 பேர். இரண்டு தரப்பும் 2 வாரங்களுக்கு உணவை மாற்றிக்கொண்டன. அமெரிக்கர்களுக்கு நார்ச்சத்து தினசரி சுமார் 14 கிராமிலிருந்து 55 கிராமாக உயர்ந்தது. கொழுப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. கிராமத்தினருக்கோ பர்கர், ஃப்ரைஸ் போன்ற உணவு.

2 வாரத்தில் அமெரிக்கர்களின் பெருங்குடலில் அழற்சிக்கான அறிகுறிகள் குறைந்தன. தென்னாப்பிரிக்கர்களுக்கு அவை கூடின. புற்றுநோய் அபாயத்தோடு தொடர்புடைய அளவீடுகளும் அதே திசையில் மாறின.

எப்படி?

நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து, பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தயாரிக்கின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். அழற்சியையும் அது தணிக்கிறது. நார்ச்சத்து வராவிட்டால், பாக்டீரியாக்கள் குடல் சுவரைக் காக்கும் சளிப் படலத்தையே அரிக்கத் தொடங்குகின்றன என்று எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

பாக்கெட் உணவு பிரச்சினையா?

இந்தியா உட்பட 21 நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2021-ல் வெளியானது. தினமும் 5 முறை அல்லது அதற்கு மேல் அதிகம் பதப்படுத்தப்பட்ட உணவு சாப்பிட்டவர்களுக்கு, ஒரு முறைக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட, குடல் அழற்சி நோய் அபாயம் சுமார் 80 சதவீதம் அதிகம். அதுதான் காரணம் என்று இந்த ஆய்வை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் தொடர்பு வலுவானது.

நம்ம தட்டில் என்ன மாற்றலாம்?

பெரியவர்களுக்குத் தினமும் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கப் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூட இருக்காது. அதே அளவு கொண்டைக்கடலைச் சுண்டலில் சுமார் 12 கிராம். நடுத்தர கொய்யாப்பழத்தில் 5 கிராம். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, கீரை, பயறு, கம்பு, கேழ்வரகைக் கூட்டினாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம். ஆனால் ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பிக்கொள்ளும். மெதுவாகக் கூட்டுங்கள், தண்ணீரும் நிறைய குடியுங்கள்.

தயிர், மோர், பழைய சோறு போன்ற புளித்த உணவும் உதவலாம். ஸ்டான்ஃபோர்டில் 36 பேரிடம் 10 வாரம் நடந்த ஆய்வில், புளித்த உணவு அதிகம் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் அழற்சி தொடர்பான 19 புரதங்கள் குறைந்தன. 'இட்லியும் புளித்த மாவுதானே?' என்று கேட்கலாம். சத்தான உணவுதான், ஆனால் ஆவியில் வேகும்போது பாக்டீரியாக்கள் இறந்துவிடும்.

எப்போது டாக்டர்?

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, வாரக்கணக்கில் காய்ச்சல். இவற்றில் ஒன்று இருந்தாலும் மோர் குடித்துச் சமாளிக்க வேண்டாம். குடல் காசநோயும் கிரோன் நோயும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சிகிச்சையோ வேறு. ஏற்கெனவே குடல் சுருங்கியவர்களுக்கு அதிக நார்ச்சத்தே அடைப்பை உண்டாக்கலாம். அவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே உணவை மாற்ற வேண்டும்.

மற்றவர்கள் இன்று மாலை பப்ஸுக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டலில் இருந்து தொடங்கலாமே!