நான்கு பேர் வெட்டிய மரம்

பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே இசைக்குழுவின் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு, அவற்றின் ஏற்ற இறக்கங்களையெல்லாம் தன் சொந்த வாழ்க்கையின் சம்பவங்களோடு பின்னிக்கொண்டுவிட்ட ரசிகனிடம், அந்தக் குழு ஒருநாள் முன்பின் அறிமுகமில்லாத குரலில் ஒரு புதிய பாட்டைக் கொண்டுவந்து நிறுத்தினால், அவன் நிலை பரிதாபமானதுதான். வெகுகாலம் குடியிருந்த வீட்டில் இருட்டில் கைநீட்டி விளக்கின் சுவிட்சைத் தேடுகிறவன், அது இருந்த இடத்தில் வெறும் சுவர் தட்டுப்படும்போது என்ன பதைப்பு அடைவானோ அந்தப் பதைப்பை அவன் அடைகிறான். உடனே கோபமாகப் பேசுகிறான். அல்லது கோபப்படுகிறவர்களைப் பார்த்து, 'உங்களுக்கு ஞானம் போதாது' என்று அதைவிடக் கோபமாகப் பேசுகிறான். இந்த ஆரவாரத்தையே பாட்டின் மீது ரசிக உலகம் அளித்த தீர்ப்பு என்று பத்திரிகைகள் எழுதிவிடுகின்றன. அது தீர்ப்பு அல்ல என்பது என் அபிப்பிராயம். ஆறே ஆண்டு இடைவெளியில் இருமுறை இத்தகைய சோதனையைச் செய்து பார்த்த அயர்லாந்துக் குழு ஒன்றின் கதை அதற்குச் சாட்சியாக இருக்கிறது.

யூ டூ என்பது அக்குழுவின் பெயர். 1976-ஆம் ஆண்டு டப்ளின் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் அறிவிப்புப் பலகையில், தன்னோடு சேர்ந்து வாசிக்க ஆட்கள் தேவை என்று லாரி முல்லன் என்ற பதினான்கு வயதுச் சிறுவன் எழுதி ஒட்டிய ஒரு துண்டுக் காகிதத்திலிருந்து பிறந்தது அது. டிரம்ஸ் வாசிக்கும் லாரி, பாடகர் போனோ, கிதார் வாசிக்கும் எட்ஜ், பேஸ் கிதார் வாசிக்கும் ஆடம் கிளேட்டன் ஆகிய நால்வரே முதல் ஆல்பம் தொட்டு இன்றுவரை அதன் உறுப்பினர்கள். ராக் இசைக்குழுக்களின் சரித்திரத்தில் இப்படி ஆள் மாறாமல் இருப்பது அபூர்வம். எட்ஜின் கிதார் ஒலிதான் குழுவின் முத்திரை. மீட்டிய ஒரு சுரம் மின் கருவியின் வழியே எதிரொலியாகத் திரும்பி வந்து அடுத்த சுரத்தோடு கைகோத்துக்கொள்ள, ஒருவர் வாசிக்கையிலேயே பலர் வாசிப்பது போன்ற ஒரு பிரமாண்டமான வெளி உருவாகும். அந்த வெளியில் போனோவின் குரல், எதையோ பிரார்த்திப்பதுபோல, எதற்கோ அறைகூவுவதுபோல, உயர்ந்து ஒலிக்கும். 1987-இல் வந்த 'தி ஜோஷுவா ட்ரீ' என்ற ஆல்பம் இந்தப் பாணியின் சிகரம். அதிலுள்ள இரண்டு பாட்டுகள் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. விளையாட்டரங்குகள் நிரம்பி வழிந்தன.

சிகரத்தை எட்டியவர்களுக்கு உரிய ஆபத்து அவர்களுக்கும் வந்தது. மறு ஆண்டே அமெரிக்கப் பழைய இசையின் வேர்களைத் தேடிச் செல்லும் பாவனையில் 'ராட்டில் அண்டு ஹம்' என்று ஒரு திரைப்படத்தையும் ஆல்பத்தையும் வெளியிட்டார்கள். ஆல்பம் நன்றாகவே விற்றது; ஆனால் விமரிசகர்கள், இவர்கள் தங்களைத் தாங்களே மகாபுருஷர்களாக எண்ணிக்கொண்டுவிட்டார்கள் என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் உண்மை இருந்தது என்பதைக் குழுவினரே உணர்ந்திருக்க வேண்டும். 1989 டிசம்பர் 30-ஆம் தேதி டப்ளினில் நடந்த கச்சேரியின் நடுவே, தாங்கள் எங்காவது போய் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கனவுகாண வேண்டும் என்ற பொருள்பட போனோ பேசினார். குழுவே கலையப் போகிறதென்று அதைப் புரிந்துகொண்டு கலங்கியவர்கள் உண்டு.

அவர்கள் போன இடம் பெர்லின். இரு ஜெர்மனிகளும் ஒன்றாக இணைந்த 1990 அக்டோபர் மாதத் தொடக்கத்தில், சரியாக அந்த விழா நேரத்தில் போய் இறங்கி, வெற்றிக் கொண்டாட்டத்தில் கலந்துகொள்வதாக எண்ணிக்கொண்டு ஒரு கூட்டத்தோடு நடந்தார்கள். நடந்து பார்த்தால் அது இணைப்பை எதிர்த்து வந்தவர்களின் ஊர்வலம்! ஒலிப்பதிவுக்குத் தேர்ந்தெடுத்த ஹன்சா ஸ்டுடியோ, பெர்லின் சுவர் நின்ற இடத்துக்கு மிக அருகில் இருந்தது. 1977-இல் பாடகர் டேவிட் போவி அங்கேதான், பிரையன் ஈனோவின் துணையோடு, தம் புகழ்பெற்ற சோதனைகளில் ஒன்றைச் செய்தார். அதே ஈனோவும் டேனியல் லன்வாவும் இப்போது யூ டூவுக்குத் தயாரிப்பாளர்கள். இடத்துக்கே ஒரு சக்தி உண்டு என்று நம்பிப் போனவர்களுக்கு அங்கே கிடைத்தது சண்டைதான். தொழிற்சாலை இரைச்சலையும் நடன அரங்கின் இயந்திரத் தாளத்தையும் கலந்து புது ஒலி ஒன்றைப் படைக்க வேண்டும் என்றனர் போனோவும் எட்ஜும். பாட்டே இல்லாமல் ஒலியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டனர் லாரியும் ஆடமும். தாளத்தை இயந்திரம் போட்டுவிட்டால் தாள வாத்தியக்காரனுக்கு என்ன வேலை என்ற கவலை லாரிக்கு இருந்ததில் ஆச்சரியம் என்ன? குழு உடையும் நிலை வந்தபோது தற்செயலாக 'ஒன்' என்ற பாட்டு உருவாகி அவர்களைக் காப்பாற்றியது. மற்ற வேலைகளை 1991-இல் டப்ளினுக்குத் திரும்பி வந்து முடித்தார்கள். ஈனோ தொடர்ந்து உடனிருக்காமல் அவ்வப்போது வந்து, புதுக் காதால் கேட்டு, பழைய யூ டூவின் சாயல் எங்கே தெரிகிறதோ அங்கே கத்தியை வைப்பார்.

இதற்கிடையே பெர்லின் ஒத்திகை நாடாக்கள் சில களவாடப்பட்டுத் திருட்டு இசைத்தட்டுகளாக வெளியாகிவிட்டன. அரைகுறை முனகல்களும் முடிவடையாத வரிகளும் நிறைந்த அவற்றை விலைகொடுத்து வாங்கிக் கேட்ட ரசிகர்களின் பக்தியை என்னென்பது! வரப்போவது என்ன என்று அவற்றை வைத்து யூகிக்க முயன்றவர்களுக்கும் உண்மையில் வந்தது எதிர்பாராததாகவே இருந்தது.

ஆல்பம் வெளிவருமுன் அதிலிருந்து ஒரு பாட்டைத் தனியே எடுத்து வெளியிடும் வழக்கம் மேல்நாட்டு இசை வியாபாரத்தில் உண்டு; அதற்குச் சிங்கிள் என்று பெயர். கடைக்காரன் நல்ல மாம்பழத்தை மேலே அடுக்குவது உலக இயல்பு. இவர்களோ, இருந்தவற்றிலேயே தங்களைப்போல் சற்றும் ஒலிக்காத பாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1991 அக்டோபர் 21-இல் வெளிவந்த அந்தச் சிங்கிளின் பெயர் 'தி ஃப்ளை'. எட்ஜின் தெளிந்த எதிரொலிக் கிதாரைக் காணோம். அதற்குப் பதில், உலோகத்தை உலோகத்தால் உராய்வது போன்ற ஒரு முரட்டு ஒலி. வானத்தை நோக்கி எழும் போனோவின் குரலையும் காணோம். இயந்திரத்தால் சிதைக்கப்பட்ட ஒரு தாழ்ந்த கிசுகிசுப்பும், அதற்கு மேலே பெண்குரல் போன்ற ஒரு மெல்லிய உச்சக் குரலும் ஒன்றோடொன்று பின்னி வந்தன. நரகத்திலிருந்து ஒருவன், அங்கே தனக்குச் சௌகரியமாகவே இருக்கிறதென்று தொலைபேசியில் பேசுவதாக அதன் கற்பனை. பாடகரின் கோலமும் மாறியது. கருப்புத் தோல் உடையும், கண்ணை முழுதும் மறைக்கும் பெரிய கருப்புக் கண்ணாடியுமாக, நேற்றுவரை உலகத்துக்கு நீதி சொன்ன மனிதர் ஓர் ஏமாற்றுக்காரனைப்போல் வந்து நின்றார். நான்கு பேர் சேர்ந்து ஜோஷுவா மரத்தை வெட்டிச் சாய்க்கும் சத்தம் இது என்று போனோவே இந்தப் புது இசையை வர்ணித்தார். தங்கள் மரத்தை வெட்டுகிறவர்கள் தாங்களேதான் என்ற பெருமிதம் அதில் தொனிக்கிறது. அந்த மரத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தவர்களின் கதி என்ன என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

பிரிட்டனில் அது முதல் வாரத்திலேயே நேராக முதலிடத்தில் போய் அமர்ந்தது. பிரையன் ஆடம்ஸ் பாடிய ஒரு காதல் பாட்டு தொடர்ந்து பதினாறு வாரங்களாக அந்த இடத்தை விட்டு நகராமல் இருந்தது. அதைத் தள்ளியது 'தி ஃப்ளை'தான். ஆனால் இதைக்கொண்டு பிரிட்டிஷ் ரசிகர்கள் புதுமையை ஆரத்தழுவிக்கொண்டார்கள் என்று சொல்லிவிடலாமா? சிங்கிள் மூன்று வாரங்களே கடையில் கிடைக்கும் என்ற நிபந்தனை இருந்தது. ஆகவே, பிடிக்குமோ பிடிக்காதோ, முதலில் வாங்கி வைத்துக்கொள்வோம் என்று ஓடியவர்கள் ஏராளம். அவர்கள் வாங்கியது புதிய பாட்டை அன்று. பழைய யூ டூவின் மீது தங்களுக்கு இருந்த விசுவாசத்துக்கு அடையாளமாக ஒரு தட்டை வாங்கினார்கள். ஒரே வாரத்தில் பாட்டு முதலிடத்திலிருந்து இறங்கிவிட்டது. அமெரிக்காவில், புதுவகை ராக் ஒலிபரப்பும் வானொலிகள் அதை வரவேற்றன. பொதுப் பட்டியலிலோ அது அறுபத்தொன்றாம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. அந்த வாரத்துக் கணக்கை மட்டும் வைத்து எழுதியிருந்தால், ஒரு கரையில் மகத்தான வெற்றி என்றும் மறு கரையில் படுதோல்வி என்றும் எழுதியிருக்க வேண்டும். இரண்டுமே தவறாகப் போயிருக்கும்.

நவம்பரில் 'அக்டுங் பேபி' என்ற ஆல்பம் வந்தது. முதல் பாட்டின் தொடக்கத்திலேயே, கேட்பவன் தன் கருவி பழுதாகிவிட்டதோ, வேறு யாருடைய தட்டையோ மாற்றி வாங்கிவந்துவிட்டோமோ என்று திகைக்க வேண்டும் என்பதற்காகவே கரகரப்பான ஒலிகளை வேண்டுமென்று அமைத்திருந்தார்கள். ஆனால் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனவனுக்கு, பிரிந்துபோன தம்பதிகளின் துயரமும், தம் தவறை உணர்ந்த மனிதர்களின் முணுமுணுப்பும் காத்திருந்தன. குழு சேர்ந்து பெர்லினில் தவித்த அந்த நாட்களில் எட்ஜின் மணவாழ்க்கை முறிந்துகொண்டிருந்தது. இரைச்சலுக்கு அடியில் நெஞ்சு இருந்தது என்றுதான் நான் சொல்வேன். 'மிஸ்டீரியஸ் வேஸ்', 'ஒன்' ஆகிய பாட்டுகள் அடுத்தடுத்துச் சிங்கிளாக வந்து அமெரிக்காவிலும் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தன. 1992-இல் 'ஸூ டிவி' என்ற சுற்றுப்பயணத்தில், தொலைக்காட்சித் திரைகள் சூழ, வாசகங்கள் கண்ணைப் பறிக்கும் வேகத்தில் மின்னி மறைய, அந்தக் கருப்புக் கண்ணாடிக்காரனை நேரில் கண்ட பிறகு, 'தி ஃப்ளை' எதற்காக அப்படி ஒலித்தது என்பது ஜனங்களுக்கு விளங்கியது. முதலில் முகம் சுளித்தவர்கள் தாங்கள் சுளிக்கவே இல்லை என்று பின்னால் சாதித்திருப்பார்கள். மனித சுபாவம் அது.

இனி இரண்டாவது சோதனை. 1997 பிப்ரவரியில் 'டிஸ்கோதெக்' வந்தது. இம்முறை நடன அரங்கின் தாளமும், துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய ஒலிகளுமாகப் பாட்டு அமைந்தது. அதற்கான படத்தில் எழுபதுகளின் டிஸ்கோ குழுவொன்றைப் போல் வேஷமிட்டு நால்வரும் ஆடினார்கள். பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவிலோ பத்தாவது இடம், அதாவது 'தி ஃப்ளை'யைவிட மிக மேலான இடம். முதல் வாரக் கணக்கே தீர்ப்பு என்றால், 'டிஸ்கோதெக்' அல்லவா மகத்தான வெற்றி? ஆனால் அதைத் தொடர்ந்து வந்த 'பாப்' ஆல்பம் பல நாடுகளில் முதலிடத்தில் புகுந்துவிட்டு விரைவிலேயே சரிந்தது. சுற்றுப்பயணத்தின் தேதிகளை முன்கூட்டியே நிச்சயித்துவிட்டதால் ஆல்பத்தை அவசரமாக முடிக்க நேர்ந்ததென்று குழுவினரே பின்னர் வருந்தினார்கள். 2002-இல் வந்த தொகுப்பில் 'டிஸ்கோதெக்' உட்படச் சில பாட்டுகளைத் திருத்தியும் வெளியிட்டார்கள். பயணத்தின் அலங்காரங்களில் ஒன்று நாற்பதடி உயரமுள்ள ராட்சச எலுமிச்சம்பழம். அதற்குள்ளிருந்து நால்வரும் வெளிப்பட வேண்டியது ஏற்பாடு. ஆஸ்லோவில் அது திறக்க மறுத்து அவர்களை உள்ளேயே வைத்துக்கொண்டது.

இரண்டு சோதனைகளுக்கும் வித்தியாசம் எங்கே என்று கேட்டால், பின்னதில் கேலி மிகுந்துவிட்டது என்பவர்கள் உண்டு. எனக்கு அது போதுமான காரணமாகத் தோன்றவில்லை. 'ஸூ டிவி'யிலும் கேலிக்குக் குறைவில்லை. பெர்லினில் லாரியும் ஆடமும் கேட்ட கேள்விக்கு, அதாவது இந்த ஒலிக்குள் பாட்டு எங்கே என்ற கேள்விக்கு, அன்று நெடுநாள் மல்லுக்கட்டி விடை கண்டார்கள். 1997-இல் விடை காணப் போதுமான அவகாசத்தைத் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொள்ளவில்லை. ரசிகன் இதையெல்லாம் அறிய மாட்டான். ஆயினும் பத்தாவது முறை, இருபதாவது முறை கேட்கும்போது, தட்டைத் திருப்பிப் போடுவதா அலமாரியில் வைப்பதா என்ற அளவில் அவன் கை அறிந்துவிடுகிறது.

2000-ஆம் ஆண்டு, எதிரொலிக் கிதாரை மீண்டும் எடுத்துக்கொண்டு 'பியூட்டிஃபுல் டே' பாடினார்கள். பரிசுகளும் புகழும் திரும்பி வந்தன. 2014-இல் ஒரு ஆல்பத்தை ஆப்பிள் நிறுவனத்தின் வழியே கோடிக்கணக்கானவர்களின் கணக்குகளில் கேளாமலே இலவசமாகச் சேர்த்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை. அங்கே ஜனங்கள் கோபித்தது பாட்டின் மீதன்று, அழைக்காமல் வீட்டுக்குள் நுழைந்ததன் மீது.

தமிழ் வாசகர்களுக்கு இக்குழுவோடு ஒரு நேரடி உறவும் உண்டு. 2019 நவம்பரில் ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்து 'அஹிம்ஸா' என்ற சிங்கிளை யூ டூ வெளியிட்டது. திருக்குறளின் இன்னாசெய்யாமை அதிகாரத்துக் குறள் ஒன்று அதில் ஒலிக்கிறது. ரஹ்மானின் புதல்விகளின் குரலும் அதில் உண்டு. அடுத்த மாதம் மும்பையில், இந்தியாவில் முதன்முறையாக யூ டூ நடத்திய கச்சேரியிலும் ரஹ்மான் மேடையேறினார். மற்ற நாட்டு ரசிகர்களுக்கு அந்தக் குறள் விளங்காத மொழியில் ஒரு புதிய அலங்காரமாகப் பட்டிருக்கும். நமக்கோ அந்தச் சோதனை முயற்சியில் பழகிய பொருள் குறள் மட்டுமே. வினோதம் என்னவென்றால், மும்பையில் அன்று திரண்ட கூட்டம் வந்தது பெரும்பாலும் புதிய பாட்டுக்காக அன்று. அந்தப் பயணமே 'தி ஜோஷுவா ட்ரீ' முழுவதையும் பாடுவதற்காக ஏற்பட்டது.

2023 செப்டம்பரில் லாஸ் வேகஸ் நகரில் ஸ்பியர் என்ற கோள வடிவ அரங்கத்தை யூ டூ திறந்துவைத்து, மறு ஆண்டு மார்ச் வரை நாற்பது கச்சேரிகள் நடத்தியது. உடல்நலம் கருதி லாரி முல்லன் அவற்றில் வாசிக்கவில்லை. அங்கே ரசிகர்கள் பெரும் விலை கொடுத்து டிக்கெட் வாங்கிக் கேட்க வந்தது எதை? 'அக்டுங் பேபி' முழுவதையும், 'தி ஃப்ளை' உட்பட. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பழைய மரத்தை வெட்டிய கோடரியின் சத்தத்தை, நரைத்த தலையோடு வந்தவர்கள் வரிக்கு வரி கூடவே பாடினார்கள். அந்த அரங்கத்தின் தொடக்க நாளன்றே 'அடாமிக் சிட்டி' என்று ஒரு புதுச் சிங்கிளும் வெளிவந்தது; எழுபதுகளின் ராக் பாணியில், சோதனை என்று சொல்ல எதுவுமில்லாமல், எல்லோருக்கும் எளிதில் பிடித்துப்போகிற பாட்டு அது.