கைத்திறனும் கைப்பேசிப் புள்ளிகளும்

நுழையும் முன்

நாள்தோறும் செய்யும் வேலைகளைக் காணொளியாகப் பதிவு செய்து அனுப்பினால் புள்ளிகளும் பரிசும் தரும் செயலிகள் இன்று வந்துள்ளன. அப்பதிவுகள் யாருக்குப் பயன்படுகின்றன? அவற்றின் மதிப்பை யார் முடிவு செய்கிறார்? இவ்வினாக்களுக்கு விடை காண இப்பாடம் துணை செய்யும்.

பாட்டியின் வினா

மைசூரின் பழைய குடியிருப்புகளுள் ஒன்று அக்ரஹாரம். அங்குள்ள ஒரு வீட்டின் திண்ணையை மனத்தில் எண்ணிக்கொள்வோம். பாட்டி மல்லிகை தொடுத்துக்கொண்டிருக்கிறார். மொட்டுகளை இருபுறமும் இணைத்து வைத்து, வாழைநாரைச் சுழற்றி முடிச்சிடுகிறார். அவர் பார்வை தெருவில் இருக்கிறது. ஆயினும் விரல்கள் தவறுவதில்லை. பள்ளியிலிருந்து வந்த பேத்தி, “பாட்டி, நீங்கள் பூத்தொடுப்பதைப் படம்பிடித்து அனுப்பினால் எனக்கு 20 புள்ளிகள் கிடைக்கும்” என்கிறாள். “என் கை செய்வது யாருக்கு வேண்டுமாம், கண்ணே? எதற்காக?” என்று பாட்டி வினவுகிறார். பாட்டியின் இவ்வினாவே நம் பாடத்தின் கரு.

எளிய வேலையின் அருமை

1997 ஆம் ஆண்டு ‘டீப் புளூ’ என்னும் கணினி, சதுரங்க உலக வாகையர் காஸ்பரோவை வென்றது. ஆனால், ஒரு துண்டை ஒழுங்காக மடிப்பது எந்திரனுக்கு இன்றும் எளிதன்று. மனிதர்க்கு அரியது கணினிக்கு எளிதாகிறது. மனிதர்க்கு எளியது கணினிக்கு அரிதாகிறது. 1980களில் இதனை எடுத்துரைத்த அறிஞர் ஹான்ஸ் மொராவெக்கின் பெயரால் இது ‘மொராவெக் முரண்’ எனப்படுகிறது.

மொழியைக் கற்கும் கணினிக்கு இணையத்தில் எழுத்துகள் மலைபோல் குவிந்துள்ளன. ஆனால், நாரை எவ்வளவு இறுக்கினால் மொட்டுக் கசங்காது என்பதை எழுதி வைத்தவர் அரியர். அவ்வறிவு கையில் வாழ்கிறது. அதனைக் கணினிக்குக் கற்பிக்க, வேலை செய்பவர் கண்ணுக்குத் தெரியும் காட்சியையே பதிவு செய்கின்றனர். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் 2018 இல் வெளியிட்ட தொகுப்பில் 32 சமையலறைகளில் எடுத்த 55 மணி நேரக் காட்சிகள் இருந்தன. பின்னர், ‘ஈகோ4டி’ என்னும் திட்டம் 9 நாடுகளில் 3,600 மணி நேரத்திற்கும் மேலான காட்சிகளைத் திரட்டியது. ஐதராபாத்தின் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகமும் அதில் பங்கேற்றது. நம் கரூரிலும் தொழிலாளர்கள் நெற்றியில் கேமரா அணிந்து துண்டு மடிக்கும் காட்சிகள் 2025 இல் பதிவாயின. ஆகவே, பாட்டியின் கைத்திறனுக்கு இன்று சந்தை உண்டு.

விளையாட்டாக மாறும் வேலை

ஒரு வேலைக்குப் புள்ளி, பட்டம், தரவரிசை, தொடர்நாள் கணக்கு ஆகியவற்றைச் சேர்த்து விளையாட்டின் சுவையை ஊட்டுவது ‘விளையாட்டாக்கம்’ ஆகும். 2003 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் வான் ஆன் ஒரு விளையாட்டை உருவாக்கினார. ஒருவரையொருவர் அறியாத இருவருக்கு ஒரே படம் காட்டப்படும். இருவரும் ஒரே சொல்லைத் தட்டச்சு செய்தால் புள்ளி கிடைக்கும். ஆடியவர்க்கு மகிழ்ச்சி, கணினிக்கோ படத்தின் பெயர். அங்கே ஊதியம் இல்லை, ஆட்டமே பயன்.

ஆனால், புள்ளியைப் பணமாக மாற்றித் தருவதாகச் செயலி கூறும்போது ஆட்டம் வேலையாகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிடுவோம். 5 நிமிடக் காணொளி ஒன்றுக்கு 20 புள்ளிகள் எனவும், 1,000 புள்ளிகளுக்கு 50 ரூபாய் எனவும் கொள்வோம். 1,000 புள்ளிகளுக்கு 50 காணொளிகள் தேவை. அதற்கு ஆகும் நேரம் 250 நிமிடங்கள். அவ்வாறாயின், ஒரு மணி நேர உழைப்பின் விலை 12 ரூபாயே! “20 புள்ளிகள்” என்னும்போது பெரிதாகத் தோன்றியது, மணிக்கணக்கில் பார்க்கும்போது சிறுத்துவிடுகிறது. மேலும், புள்ளியின் மதிப்பை நிறுவனமே வரையறுக்கிறது. அதனைக் குறைக்கும் உரிமையையும் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம்.

மற்றொரு வழியும் உண்டு. பெங்களூரைச் சார்ந்த ‘கார்யா’ என்னும் அமைப்பு, தென் கர்நாடகச் சிற்றூர் மக்களைக் கன்னடத் தொடர்களைப் படித்துப் பதிவு செய்யச் செய்தது. மணிக்கு ஏறக்குறைய 5 டாலர் ஊதியம் என 2023 இல் அது அறிவித்திருந்தது. ஒரே பதிவு மீண்டும் விற்கப்பட்டால் பேசியவருக்கு மீண்டும் பங்கு தருவதும் அதன் கொள்கை. இங்கு மக்கள் பெறுவது புள்ளியன்று, கூலியும் உரிமையும்.

பரிசு விருப்பத்தை மாற்றுமா?

1973 இல் வெளியான ஓர் ஆய்வில், ஓவியம் வரைவதில் விருப்பமுள்ள மழலையருள் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்பே கூறப்பட்டது. பரிசு பெற்ற அக்குழந்தைகள், பின்னர்த் தாமாக வரையும் நேரம் மற்றவரைவிடக் குறைந்தது. விரும்பிச் செய்தது பரிசுக்காகச் செய்வதாக மாறும்போது விருப்பம் தளரக்கூடும். பாட்டி பூத்தொடுப்பது மகிழ்ச்சியாலும் வழிபாட்டு உணர்வாலும். அச்செயலும் தொடர்நாள் கணக்கிற்காக நிகழுமாயின், நாம் இழப்பது எது என எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டமும் நாமும்

வீட்டில் எடுக்கும் காணொளியில் கை மட்டுமா தெரியும்? சுவரில் உள்ள படங்கள், தம்பியின் முகம், அண்டை வீட்டார் குரல் ஆகியனவும் பதிவாகும். 2023 ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு என்பது தெளிவாகவும் கட்டாயமின்றியும் பெறப்பட வேண்டும் என்கிறது. கொடுத்த இசைவைத் திரும்பப் பெறும் உரிமையும் உண்டு. 18 வயது நிறையாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் இசைவு தேவை. இச்சட்டத்திற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

எனவே, பதிவுப் பொத்தானை அழுத்துமுன் நான்கு வினாக்களைக் கேட்போம்: இது எதற்குப் பயன்படும்? ஒரு மணி நேரத்திற்கு என்ன கிடைக்கும்? படத்தில் வருவோர் அனைவரும் இசைந்தனரா? வேண்டாம் என்றால் அழிக்க முடியுமா?

பேத்தி கைப்பேசியைக் கீழே வைத்தாள். “முதலில் எனக்குத் தொடுக்கக் கற்றுக்கொடுங்கள், பாட்டி. அனுப்புவதா வேண்டாமா என்று அம்மாவும் வந்தபின் மூவரும் சேர்ந்து முடிவு செய்வோம்” என்றாள். பாட்டி நாரை நீட்டினார்.

பயிற்சி

1. ‘மொராவெக் முரண்’ என்பதை உம் வீட்டு வேலை ஒன்றைச் சான்றாகக் கொண்டு விளக்குக.
2. 3 நிமிடக் காணொளிக்கு 10 புள்ளிகள். 500 புள்ளிகளுக்கு 40 ரூபாய் எனில், ஒரு மணி நேர உழைப்பின் மதிப்பைக் கணக்கிட்டு, அது பற்றிய உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.
3. புள்ளிக்கும் கூலிக்கும் உள்ள வேறுபாடுகளைப் பட்டியலிடுக.
4. உம் வீட்டு முதியவர் ஒருவரின் கைத்திறனைக் கேட்டறிந்து, அவர் இசைவுடன் ஒரு பத்தியில் எழுதுக.