கோடை விடுமுறையும் சிறுவர் கலைப் பயிற்சியும்

சித்திரை பிறந்துவிட்டால் நாஞ்சில் நாட்டுக் குடியானவருக்கு ஓய்வில்லை. கும்பப்பூ அறுவடை முடிந்து, கன்னிப்பூச் சாகுபடிக்கு வயலைப் பண்படுத்த வேண்டிய காலம் அது. அதே சமயத்தில்தான் பள்ளிக்கூடங்களும் அடைக்கப்படுகின்றன. தந்தை வயலிலும் தாய் கூலி வேலையிலும் இருக்க, குழந்தைகள் பகல் முழுவதும் பார்ப்பாரின்றித் திரிகின்றனர். குளத்திலும் கால்வாயிலும் இறங்கி உயிரிழந்த சிறுவரைப் பற்றிய துயரச் செய்தியை நாம் கோடைதோறும் கேட்கிறோம். வீட்டில் அடைத்து வைத்தாலோ, கைப்பேசியின் முன்னே பொழுது வீணாகிறது. இவ்விரண்டும் அல்லாத நல்வழி ஒன்று உண்டு. அதனை நம் கிராம மக்கள் இன்னும் முழுமையாகப் பயன்படுத்திக் கொள்ளவில்லை.

தேர்வும் மதிப்பெண்ணும் இன்றி, தம் விருப்பம் போல் குழந்தைகள் கலைகளைப் பயில ஓர் இடம் வேண்டும் என்னும் நோக்குடன், பிரதமர் நேருவின் முயற்சியால் 1956-ஆம் ஆண்டில் தில்லியில் பால பவன் தோன்றியது. நம் குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்துடன் இணைந்ததும் அதே ஆண்டில்தான். தமிழ்நாட்டில் அப்பணியைக் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் ஜவகர் சிறுவர் மன்றங்கள் செய்து வருகின்றன. 5 முதல் 16 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியருக்குக் குரலிசை, பரதநாட்டியம், ஓவியம், கிராமிய நடனம் முதலியவை அங்கே கற்பிக்கப்படுகின்றன. கோடையில் ஏறத்தாழப் பத்து நாள் நடைபெறும் கலைப் பயிற்சி முகாம்களும் உண்டு. பொது நூலகங்கள் பலவற்றிலும் கோடை முகாம்கள் கட்டணமின்றி நடைபெறுகின்றன. நம் மாவட்டம் இத்துறையின் திருநெல்வேலி மண்டலத்தைச் சேர்ந்தது.

“கலை சோறு போடுமா?” என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. பத்து நாள் பயிற்சியால் எவரும் கலைஞராகிவிடுவதில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், அப்பத்து நாளில் நிகழ்வது யாது என்று பார்ப்போம்.

வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்வோம். வில்லின் முன் அமரும் தலைமைப் பாடகர் வீசுகோலால் நாணைத் தட்டிக் கதை சொல்கிறார். குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவற்றை ஏந்தியோர் அவருடன் இசைந்து ஒலிக்கின்றனர். பின்பாட்டுக்காரர் ஒவ்வோர் அடிக்கும் ஏற்ற இடத்தில் ‘ஆமா’ என்று மறுமொழி கூறவேண்டும். ஒரு கணம் கவனம் பிசகினாலும் தாளம் குலையும். இதனைப் பயிலும் சிறுவன், பிறர் சொல்வதைச் செவி கொடுத்துக் கேட்கவும், நினைவில் நிறுத்தவும், பலர் முன்னிலையில் அஞ்சாது வாய் திறக்கவும் கற்கிறான். நாளை கிராம சபையில் எழுந்து நின்று தன் ஊரின் குறையைத் தெளிவாக எடுத்துரைக்கப் போகிறவன் அவனே அன்றோ?

வருவாய்க்கும் இதில் வழியில்லாமல் இல்லை. வடசேரியின் கோயில் நகைகளும் மயிலாடியின் கற்சிலைகளும் கைத்திறனால் பிழைப்பவை. அரளிப் பூவையும் நொச்சி இலையையும் கொண்டு தொடுக்கப்படும் தோவாளை மாணிக்க மாலைக்கு 2025-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கோடும் வண்ணமும் அளவும் அறிந்த கண்ணும் கையும் இத்தொழில்களுக்கு முதலீடு ஆகும். 1908-இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் எளிய குடும்பத்தில் பிறந்த என். எஸ். கிருஷ்ணன், நம் ஊர் வில்லுப்பாட்டை நகரத்து மேடைகளுக்கும் எடுத்துச் சென்று, கலைவாணர் எனப் புகழ்பெற்றதை நாம் அறிவோம்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழாப் போட்டிகள் நடைபெற்று வருகின்றன. பதினெட்டு வயதிற்கு உட்பட்ட இளங்கலைஞருக்கு மாவட்ட அளவில் ‘கலை இளமணி’ விருதும் உண்டு. பணம் கொடுத்துத் தனி ஆசிரியரிடம் பயிலும் பட்டணத்துக் குழந்தையுடன் நம் குடியானவர் வீட்டுக் குழந்தை சமமாக நிற்க வேண்டுமாயின், இலவசப் பயிற்சியே அதற்குரிய ஏணி.

பெற்றோர் செய்ய வேண்டியவை சிலவே. பங்குனி மாதத்திலேயே பள்ளித் தலைமையாசிரியரிடமும் நூலகரிடமும் முகாம் பற்றி விசாரித்துப் பெயரைப் பதிவு செய்க. எக்கலை என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். தொடங்கிய பின் இடையில் நிறுத்தற்க. பெண் குழந்தை வளர்ந்துவிட்டாள் என்று வீட்டில் இருத்துவது பெரும் பிழை. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்ல இயலுவதால், தாயும் மகளும் சேர்ந்து சென்று வருவதற்குச் செலவு தடையாகாது.

நாகர்கோவில் வரை செல்ல இயலாத சிற்றூர்க் குழந்தைகளுக்கு ஊரிலேயே பயிற்சி நடத்துவது பஞ்சாயத்தின் கடமை. இதனை மே 1 கிராம சபையில் பேசினால் விடுமுறையில் ஒரு பகுதி கழிந்திருக்கும். ஆகவே, மார்ச் 22 கிராம சபையிலேயே தீர்மானம் நிறைவேற்றுதல் நலம். நூலகமோ, சமுதாயக் கூடமோ, பள்ளி வகுப்பறையோ போதும். குடிநீர், கழிப்பிடம், பொறுப்புள்ள பெண்மணி ஒருவரின் மேற்பார்வை ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. வெயில் ஏறுமுன் காலை வேளையில் வகுப்பை முடித்துவிடலாம். களிமண்ணுக்கு நம் குளங்களில் பஞ்சமில்லை. எனினும், குழந்தைகளை அனுப்பாது பெரியவர்களே அதனை எடுத்துவர வேண்டும்.

ஆசிரியரை வெளியூரில் தேட வேண்டியதில்லை. கோயில் கொடைகளில் வில்லடித்துப் பாடும் அண்ணாவியும், களியல் ஆட்டம் அறிந்த பெரியவரும் நம் அயலிலேயே வாழ்கின்றனர். தோல்பாவைக் கூத்து நடத்தும் குடும்பங்களோ இன்று மிகச் சிலவே. இவர்களிடம் கற்க மாணாக்கர் இல்லையேல், கலை அவர்களுடனேயே மறைந்துபோகும். ஆனால் ஒன்றை நாம் மறத்தலாகாது: இலவசம் என்பது குழந்தைக்கே, கற்பிப்பவருக்கு அன்று. அவருக்குரிய ஊதியத்தை ஊரார் கூடி வழங்குதல் வேண்டும்.

முகாமின் இறுதி நாளில் குழந்தைகள் வரைந்தவற்றையும் வனைந்தவற்றையும் ஊர் நடுவே வைத்து, அவர்களைப் பாடவும் ஆடவும் செய்க. பரிசு ஒருவருக்கு என்றில்லாமல், பாராட்டு அனைவருக்கும் ஆகுக. கன்னிப்பூவுக்கு உரிய காலத்தில் விதைப்பவர் நாம். நம் வீட்டுப் பயிருக்கும் கோடையே விதைப்புக் காலம் என்பதை உணர்ந்து, வரும் விடுமுறைக்கு இன்றே ஆயத்தம் செய்வோமாக.