கண்ணுக்கு எட்டும் தூரம் கடல்!

கரிசல்காட்டுக்காரர்களுக்குக் கடல் என்றால் திருச்செந்தூர்தான். வேன் பிடித்து விடியற்காலையில் போவோம். கடலில் ஒரு முங்கு, நாழிக்கிணற்றில் ஒரு குளியல், சாமி தரிசனம்... அடுத்த வேளை சாப்பாட்டுக்கு வீடு! 'கடலைப் பார்த்தீங்களா?' என்று கேட்டால், 'அதான் குளிச்சோமே!' என்பார்கள்.

குளிப்பது வேறு, பார்ப்பது வேறு. புத்தகம், டி.வி., செல்போன் என்று கிட்டத்திலேயே பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் குட்டித் தசை ஒன்று இறுகியே இருக்கிறது. தூரத்தில் பார்த்தால்தான் அது தளர்கிறது. தடையே இல்லாத தூரம் வேண்டுமென்றால் கடலை விட்டால் வேறென்ன இருக்கிறது? பிள்ளைகள் தினமும் பகல் வெளிச்சத்தில் விளையாடினால் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது என்கின்றன ஆய்வுகள். (ஏற்கெனவே போட்ட கண்ணாடி கழன்றுவிடாது. அந்த ஆசை வேண்டாம்!)

கடம்பூரிலிருந்து காரில் தூத்துக்குடிக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து திருச்செந்தூர் சாலை. கடலோரச் சாலை என்று பேர்தான். பெரும்பாலும் கடல் கண்ணில் படாது. ஆனால் முள்ளக்காட்டுப் பக்கம் வெள்ளை வெளேரென்று உப்பளங்கள், ஆத்தூரில் தாமிரபரணிப் பாலம், வெற்றிலைக் கொடிக்கால், வாழை... கரிசலையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு விருந்துதான்! கடம்பூர் போளியை ஒரு கை பார்த்துவிட்டு வேனில் ஏறும் வாண்டுகளுக்குக் குமட்டல் வரும். முன் சீட்டில் உட்காரவைத்து, தூரத்துப் பனைமரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்போனைப் பிடுங்கி வைத்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து வருகிற பிள்ளைகள் வாகைக்குளம் விமான நிலையத்தில் இறங்குவதுண்டு. தெற்கே வரும் விமானத்தில் கடல் இடப்பக்கம். ஜன்னல் சீட்டை அந்தப் பக்கமே கேட்டு வாங்குங்கள். இறங்கும்போது காது அடைத்தால் எச்சிலை விழுங்கினால் போதும். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கலாம்.

நடந்து பார்க்க வேண்டிய இடம் மணப்பாடு. திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரப்பட்டினம் தாண்டி. 1542-ல் புனித சவேரியார் வந்த ஊர் இது. மணல் குன்றின் மேல் 1581-ல் கட்டிய திருச்சிலுவை ஆலயம், பக்கத்திலேயே கலங்கரை விளக்கம். மேலே நின்றால் ஒருபுறம் கடல், இன்னொருபுறம் ஆறு வந்து தேங்கும் கழிமுகம். அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். யாரும் எதுவும் பேச வேண்டாம்.

காலை ஒன்பது மணிக்குள் ஏறிவிடுவது நல்லது. காய்ந்த மணலில் நடக்க, கெட்டித் தரையில் நடப்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி செலவாகும். மூட்டுவலி உள்ள ஆச்சிகளும் இதய நோயாளிகளும் ஈர மணல் ஓரமாக நடந்தாலே போதும்.

சர்க்கரைக்காரர்கள்தான் ரொம்பவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காலில் உணர்ச்சி மரத்துப்போனவருக்கு மணல் சுடுவதே தெரியாது. கிளிஞ்சல் கீறினாலும் தெரியாது. 'சாமிக்கு வந்துட்டு செருப்பு எதுக்கு?' என்று தாத்தா சொல்வார். கோயில் வாசலில் கழற்றட்டும், கடற்கரையில் வேண்டாம். ராத்திரி வீடு வந்ததும் அவர் காலைக் கழுவித் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் பாதத்தையும் விரல் இடுக்கையும் நீங்களே பார்த்துவிடுங்கள். கொப்புளமோ கீறலோ இருந்தால் மறுநாளே டாக்டரிடம் காட்டுங்கள்.